இடது சீட்டு காலியாக, மரக்காணம் வழியே ஒரு வெள்ளோட்டம்

கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் வரைக்கும், கடலை விட்டு விலகாமல், நானே கார் ஓட்டிக்கொண்டு போவது என்று போன ஆவணி மாதம் முடிவு செய்தேன். திண்டிவனத்தில் கிளம்பி வேளாங்கண்ணி, இராமநாதபுரம், தூத்துக்குடி, மணப்பாடு வழியாகப் போக மட்டும் எழுநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பாறை, சிவந்த தேரி மணல்மேடு, உப்புக்காற்று, கரடுமுரடான கரை எல்லாம் வழியில் வரும். ஆனால் நான் சாக்கு வியாபாரி. ஒரு சாக்கைக்கூட உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் வாங்கினவள் இல்லை. எழுநூறு கிலோமீட்டரை மட்டும் அப்படியே வாங்கிவிடுவேனா? அதனால் பெரிய பயணத்துக்கு முன்னால் நம்ம மாவட்டத்துக் கடற்கரையிலேயே ஒரு நாள் வெள்ளோட்டம் விட்டுப் பார்த்தேன். இந்த வருஷம் பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை அது. இதே மாதிரி போக நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி நாலு வரி. கிழிந்த சாக்கைக் கோணி ஊசியால் தைத்துக் கொடுத்துக் கூலி வாங்கிய கை இது. அப்புறம் கிழிந்த சாக்கை நானே வாங்கி, தைத்து, விற்றேன். இன்றைக்குத் திண்டிவனத்தில் ஒரு கிடங்கு, விழுப்புரத்தில் ஒரு கிடங்கு. இரண்டுக்கும் நடுவே பஸ்ஸில் அலைந்து அலுத்துப்போய், நாற்பத்தொன்பதாவது வயதில் எட்டுப் போட்டு லைசென்ஸ் எடுத்து, செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன கார் வாங்கினேன். பத்து மாதமாக வாரத்தில் நான்கு நாள் விழுப்புரம் போய் வருகிறேன். நான்கு வழிச்சாலை, கோடு போட்ட மாதிரி நேராகப் போகும். நன்றாகவே ஓட்டுகிறேன். ஒரு குறை மட்டும் உண்டு, ரிவர்ஸ் வராது. ஹைவேயில் யார் ரிவர்ஸ் எடுக்கிறார்கள்? கிடங்கில்கூட வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி நேராக வெளியே வருகிற மாதிரி இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

முட்டம் என் ஆசை இல்லை, என் வீட்டுக்காரருடைய ஆசை. அவர் இருபத்தெட்டு வருஷம் லாரி ஓட்டியவர். நாகர்கோவில் பக்கம் கயிறு லோடு ஏற்றப் போனபோது ஒரு நாள் முட்டத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கடலைப் பார்த்தாராம். அதிலிருந்து நம்ம ஊர்க் கடலை அவர் மதிப்பதில்லை. "நம்மளுது தூங்குமூஞ்சிக் கடலு. மணலு, அலை, மறுபடி மணலு. கடலுன்னா முட்டத்துல பாக்கணும், பாறை மேல ஏறி எறங்கும்" என்பார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. நடை திரும்பி வந்தது, கை பாதிதான் வந்தது. லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. அன்றிலிருந்து ஆஸ்பத்திரி, கோவில், வீடு, இந்த மூன்றுக்கு வெளியே அவர் எங்கேயும் வந்ததில்லை. இந்தியா முழுக்கச் சுற்றிய மனுஷன் திண்டிவனம் மேம்பாலத்தைத் தாண்டாமல் மூன்று வருஷம் இருந்தார் என்றால் அதை வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பது லேசான காரியம் இல்லை.

என் காரில் ஏறினாலும் பின்சீட்டில்தான் உட்காருவார். "முன்னாடி வந்து குந்துங்களேன், வழியாவது சொல்லலாம்" என்று கூப்பிட்டால், "அது க்ளீனர் சீட்டு. ஸ்டீரிங் புடிச்சவன் அதுல குந்துவானா?" என்பார். லாரியில் டிரைவருக்கு இடது பக்கம் க்ளீனர் உட்காரும் இடம். லாரிக்காரர்களுக்கு இதெல்லாம் மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம், நாம் சிரித்துப் பிரயோஜனமில்லை.

முட்டம் போகலாம் என்று நான் சொன்னதும் அவர் போட்ட கண்டிஷன் இதுதான். "ஆக்டிங் டிரைவர் வெச்சா நான் வரல. எவனோ ஓட்ட நான் பின்னால குந்திக்கினு வேடிக்க பாக்கணுமா? நீ ஓட்டறதுன்னா மொதல்ல மரக்காணத்துலேந்து கோட்டக்குப்பம் வரிக்கும் கடலோரமா ஓட்டிக் காட்டு ரீட்டா. யாரும் ஒத்தாசைக்கு வராம ஓட்டிக் காட்டு. அப்பறம் பேசலாம்." நானும் சரி என்றேன். வியாபாரத்தில் சாம்பிள் கேட்பவன்தான் வாங்குகிறவன், சாம்பிளே கேட்காதவன் வாங்க மாட்டான்.

ஞாயிறு முதல் பூசை முடிந்து, காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பினோம். டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக்கி, ஐந்து லிட்டர் தண்ணீர், கயிறு, நான்கு சணல் சாக்கு. சாக்கைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு.

"பீச்சுக்குப் போறமா, மண்டிக்குப் போறமா?"

"என் கட போர்டு அது. கூட வரட்டும்" என்றேன்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் முப்பத்தைந்து கிலோமீட்டர். இரண்டு பக்கமும் வயல், ஏரி, நடுவில் ஊர்கள், வேகத்தடைகள். அந்த நேரத்தில் ரோட்டில் பால் வண்டிகளும் நாய்களும் மட்டும்தான். பெருமுக்கல் மலையும் மேலே இருக்கும் கோவிலும் வெயில் பட்டுத் தெரிந்தன. ஏற நினைப்பவர்கள் எட்டு மணிக்குள் ஏறி இறங்கிவிடுங்கள், அப்புறம் பாறை சுட ஆரம்பித்துவிடும். தண்ணீரைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அவர் கால் ஒத்துழைக்காது என்பதால் ரோட்டிலிருந்தே ஒரு கும்பிடு. பின்சீட்டிலிருந்து அதுவரை இரண்டே வார்த்தைதான் வந்திருந்தது. ஒன்று "கியரு." இன்னொன்று "ஆரன்."

ஏழு நாற்பதுக்கு மரக்காணம். டீ பன்னிரண்டு ரூபாய், இட்லி இரண்டு பதினாறு, வடை எட்டு. கடைக்காரர் நான் டிரைவர் பக்கத்திலிருந்து இறங்கியதையும் அவர் பின்னாலிருந்து இறங்கியதையும் கவனித்துவிட்டு அவரிடம் கேட்டார்.

"இன்னா சார், வூட்டம்மாவுக்கு டிரைவிங் சொல்லித் தர்றியா?"

"நான் பாசஞ்சரு" என்றார் வீட்டுக்காரர். "பாஸாவுதா ஃபெயிலாவுதான்னு பாத்துக்கினு வர்றேன்."

"பாஸாயிடுச்சின்னா?"

"முட்டம் போறோம். ஃபெயிலாயிடுச்சின்னா உங்கடையில வந்து டீ ஆத்தறேன், ஒரு கை போதும்ல?"

கடைக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்காரர் கையைப் பற்றி வெளி ஆளிடம் தமாஷாகப் பேசி அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்கிறேன். ரோட்டுக்கு வந்த மனுஷனுக்கு வாய் திரும்பிவிட்டது என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

மரக்காணத்தில் உப்பளங்களைக் கட்டாயம் பாருங்கள். உப்பு வாரும் காலம் வெயில் ஏறின பிறகுதான். நாங்கள் போனபோது மழைத் தண்ணீர் வடிந்து பாத்தி கட்டி மிதித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் சேற்றுக் கண்ணாடி. ஓரத்தில் கொக்கும் வேறு என்னென்னவோ பறவைகளும். கழுவேலி ஏரிப் பக்கம் போனால் இன்னும் அதிகம் பார்க்கலாம் என்றார்கள். பறவை பார்க்கிறவர்கள் அதற்குத் தனியாக அரை நாள் ஒதுக்குங்கள். எனக்குப் பறவையைவிடச் சாக்கு நன்றாகத் தெரியும் என்பதால் ஒரு தகவல். உப்பு ஏற்றிய பழைய சாக்கை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். மழை நாளில் அது வியர்க்கும், உள்ளே போட்ட தானியம் பூசணம் பூத்துவிடும்.

எட்டரைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினோம். அகலப்படுத்தும் வேலை அங்கங்கே நடக்கிறது. திடீரென்று ரோடு ஒற்றை வழியாகும், ஜல்லி வரும், மாற்றுப்பாதை அம்புக்குறி காற்றில் திரும்பி நிற்கும். மெதுவாகப் போங்கள். அனுமந்தை, கூனிமேடு தாண்டும்வரை கடல் கண்ணில் படாது. சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் சத்தம் மட்டும் கேட்கும். "கடலோரமா ஓட்டறேன்னு சொன்ன. சவுக்கோரமா ஓட்டிக்கினு கீற" என்றார் பின்னாலிருந்து.

"எங்க திரும்பணும், நீங்களே சொல்லுங்க."

"கொஞ்ச தூரம் போனா எடது பக்கம் ஒரு ரோடு பிரியும். குப்பத்துக்குள்ள பூந்து கடல ஒட்டியே போயி, அந்தாண்ட மறுபடி மெயின்ல ஏறும். நான் உப்பு லோடு வெச்சிக்கினு எத்தினி வாட்டி வந்துருக்கேன். லாரியே போவும், இது தீப்பெட்டி."

போனில் மேப்பைப் பார்த்தேன். அதிலும் அந்த ரோடு இருந்தது, கடலை ஒட்டிக் கோடு போட்டு மறுபடி மெயின் ரோட்டில் சேர்ந்தது. இரண்டு சாட்சி ஒரே மாதிரி சொன்னால் வியாபாரி நம்பிவிடுவான். அங்கேதான் தப்பு. சாக்கைத் திருப்பிப் பார்க்கிற நான், திருப்பத்தில் மீன் கூடையோடு பஸ்ஸுக்கு நின்றிருந்த நாலு பேரில் ஒருவரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தக் குப்பத்தின் பெயரை இங்கே போடப் போவதில்லை. போட்டால் படம் பிடிக்க வண்டி வண்டியாகப் போய் அங்கிருப்பவர்கள் உயிரை எடுப்பீர்கள், நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள்.

ரோடு முதலில் நன்றாகவே இருந்தது. வலப்பக்கம் வீடுகள், மாதா சிலை வைத்த கெபி ஒன்று, வலைக் குவியல், கவிழ்த்துப்போட்ட ஃபைபர் படகுகள். இடப்பக்கம் கருங்கல். ஒவ்வொன்றும் என் காரில் பாதி இருக்கும். கரை அரிப்பைத் தடுக்கக் கொட்டியவை. அந்தக் கல் மேல் அலை மோதி ஏறி, வெள்ளையாகச் சிதறி, ரோட்டில் விழுந்தது. கண்ணாடியில் உப்புத்தண்ணீர் அறைந்தது. வைப்பரைப் போட்டேன். சில வீடுகளுக்கு முன்பக்கமே இல்லை. சுவரில் மாட்டிய காலண்டர் ஆணி தெரிகிற மாதிரி அறைகள் கடலைப் பார்த்துத் திறந்து கிடந்தன. கரடுமுரடான கடற்கரை வேண்டும் என்று எழுநூறு கிலோமீட்டருக்குத் திட்டம் போட்டவள் நான். திண்டிவனத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் அது இருந்திருக்கிறது.

ஒரு வளைவு திரும்பினதும் ரோடு முடிந்துவிட்டது. முடிந்தது என்றால் போர்டு, தடுப்பு எதுவும் இல்லை. கடித்த ரொட்டி மாதிரி தார் பிய்ந்து, கீழே ஆளுயரப் பள்ளம், பள்ளத்தில் கடல். பிரேக் போட்டேன். முன்பக்கத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே இரண்டு கார் நீளம் இருந்திருக்கும். பயப்படுகிற தூரம் இல்லை, ஆனால் மெச்சிக்கொள்கிற தூரமும் இல்லை.

கண்ணாடியில் பார்த்தேன். அவர் ரோடு இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருப்ப இடம் கிடையாது. இடது பக்கம் கல், வலது பக்கம் சுவரும் படகும். வந்த வழியே, அந்த வளைவையும் சேர்த்து, நூறு மீட்டர் ரிவர்ஸ். என்னிடம் இல்லாத ஒரே சரக்கு. மூச்சைப் பிடித்துக்கொண்டு ரிவர்ஸ் கியர் போட்டு, ஸ்டீரிங்கைத் தப்புப் பக்கம் ஒடித்தேன். முன்பக்க இடது டயர் தார் விளிம்பிலிருந்து வழுக்கி மணலில் இறங்கியது. ஆக்ஸிலேட்டரை அழுத்த அழுத்த டயர் சுற்றியதே தவிர வண்டி நகரவில்லை. மணல் குழிந்தது.

பக்கத்தில் பழைய வலையை விரித்து நெத்திலி காயப் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து வந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு காரை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எங்க போவணும்?"

"இந்த ரோடு மெயின்ல ஏறும்னு..."

"ரோடா? அது கடலுக்குள்ள போயி ரெண்டு மழக்காலம் ஆச்சி. யாரு சொன்னா உனக்கு?"

"மேப்புல இருக்கும்மா."

"மேப்புல கீதா? அந்த மேப்பக் கொண்டாந்து இங்க விரி. நாங்களும் அதும்மேல நடந்து போறோம், ஸ்கூலுக்குச் சுத்திக்கினு போற பேஜாராவது கொறையும்."

அதற்குள் படகுப் பக்கம் இருந்து நான்கைந்து ஆண்கள் வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவராம். என் ஜன்னலில் குனிந்து சொன்னார், நல்ல மனசோடுதான் சொன்னார்.

"அக்கா, நீ எறங்கு. நான் குந்தி ரெண்டு நிமிசத்துல எடுத்து மெயின் ரோட்ல வுட்டுடறேன். ஜல்தியா எறங்கு, தண்ணி ஏறிக்கினு வருது பாரு."

இன்னொருவர் பின்சீட்டைப் பார்த்துவிட்டார். "அண்ணே, நீ எடுக்கறதானே? பொம்பளைய ஓட்டவுட்டு சேட்டு மாரி பின்னால குந்திக்கினு கீற?"

எனக்குக் கை கதவுப் பிடிக்குப் போய்விட்டது. இறங்கினால் ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் இறங்கினால் முட்டமும் அங்கேயே முடிந்துவிடும். யாரும் ஒத்தாசைக்கு வராமல் ஓட்டிக் காட்டு என்றுதான் பேச்சு. இவர் திரும்ப வீட்டுக்குப் போய் நாற்காலியில் உட்காருவார், மறுபடி மேம்பாலத்தைத் தாண்ட மாட்டார். அந்த நிமிஷத்தில் என் யோசனை கார் மேல் இல்லை, இது மேல்தான் இருந்தது. ஆனாலும் அலை வேறு கல்லைத் தாண்டி எட்டிப் பார்க்கிறது. வண்டி போனாலும் பரவாயில்லை என்று சொல்கிற அளவுக்கு நான் வியாபாரத்தை மறந்தவளும் இல்லை.

பின் கதவு திறந்தது. அவர் இடது கையால் கூரையைப் பிடித்துக்கொண்டு, காலை ஒவ்வொன்றாக வெளியே வைத்து இறங்கினார். சேட்டு என்று சொன்னவரைப் பார்த்து, தலையால் என்னைக் காட்டிச் சொன்னார்.

"வண்டி அதுது. அதுதான் எடுக்கும். நீ கொஞ்சம் அந்தாண்ட நவுரு, கண்ணாடிய மறைக்காத."

அப்புறம் என் ஜன்னலுக்கு வந்தார். "டிக்கியத் தொற. ஆக்ஸிலேட்டர்லேந்து கால எடு. அது கெணறு தோண்டற மிசினு இல்ல."

நான்கு சாக்கும் வெளியே வந்தன. அந்த அம்மாவிடம் ஒரு குடம் தண்ணீர் கேட்டார், மணலில் ஊற்றச் சொன்னார், சாக்கையும் நனைக்கச் சொன்னார். இடது கையாலும் காலாலும் ஒவ்வொரு சாக்காக மடித்து டயருக்குப் பின்னால் தள்ளினார். லோடு ஆட்டோக்காரர் குனிந்து உதவி செய்தார். அதை அவர் தடுக்கவில்லை, ஸ்டீரிங்கை மட்டும் யாருக்கும் விடவில்லை. பிறகு காருக்குப் பின்னால் போய் நின்றார்.

"ரீட்டா! பின்னால திரும்பிப் பாக்காத. கண்ணாடியும் பாக்காத. காத மட்டும் குடு."

லாரிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வண்டி ரிவர்ஸ் வரும்போது க்ளீனர் பின்னால் நின்று பாடியில் கையால் தட்டுவான். ஒரு தட்டு என்றால் நில், அதையே வாயால் சொன்னால் ஓல்டான். இரண்டு தட்டு என்றால் வா. டிரைவர் அந்தக் கையை நம்பித்தான் பின்னால் வருவான், கிணறு இருந்தாலும் சுவர் இருந்தாலும். இருபத்தெட்டு வருஷம் இவர் அந்தத் தட்டுக்குக் காத்திருந்தவர். அதைத் தட்டுகிற பக்கம் நின்றவர் இல்லை.

டிக்கி மேல் இரண்டு தட்டு விழுந்தது.

"வா... வா... வா... மெதுவா... சாக்கு மேல ஏறுது, விடாத... வந்துடுச்சி, வா!"

டயர் ஒரு குலுக்கு குலுக்கித் தாருக்கு ஏறியது. ஒரு தட்டு. நின்றேன்.

"இப்ப வலது பக்கம் ஒடி. நல்லா ஒடி. ஒடிச்சிக்கினே வா... வா... ஓல்டான்! எதுரு ஒடி. நேரா... நேரா வா. செவுரு உன்ன ஒண்ணும் பண்ணாது, அது நின்ன எடத்துல நிக்கிது, நீதான் போவாத."

குப்பமே வேடிக்கை பார்த்தது. அந்த அம்மா நடுவில், "நெத்திலி மேல ஏத்திப்புடாத தாயே" என்று கத்தினார். வளைவு வந்தது, இரண்டு தடவை முன்னால் போய்ப் பின்னால் வந்தேன், ஒவ்வொரு தடவையும் ஒரு தட்டு, இரண்டு தட்டு. காலை இழுத்து இழுத்து அவரும் காரோடு பின்னால் நடந்து வந்தார். படகு போடுகிற மைதானம் வந்ததும் கடைசியாக ஒரு தட்டு. "போதும். இங்க ஒரு ரவுண்டு அடிச்சித் திருப்பிக்க" என்றார். மூச்சு வாங்கியது அவருக்கு. எனக்கும்தான்.

சேட்டு என்றவர் வந்து, "அண்ணே, நீங்க எந்த லைன்ல இருந்தீங்க?" என்று கேட்டார், இப்போது ங்க போட்டு. இவர் ஒவ்வொரு ஊராகச் சொல்ல ஆரம்பித்தார். நான் போய்ச் சாக்கை எடுத்து உதறினேன். அந்த அம்மாவுக்கு ஏதாவது கொடுக்கலாம் என்று பையைத் திறந்தேன். "துட்டு வாணாம். அந்தச் சாக்குல ரெண்டக் குடுத்துட்டுப் போ, கருவாடு கட்ட ஆவும்" என்றார். இரண்டு கொடுத்தேன். நல்ல சரக்கைப் பார்த்ததும் கேட்கத் தெரிந்தவர்.

கிளம்பும்போது நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து காத்திருந்தேன். பின் கதவு திறக்கவில்லை. முன்பக்க இடது கதவு திறந்தது. உட்கார்ந்து, வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பெல்ட் போட முடியாமல் கொஞ்சம் தடுமாறினார். நான் மாட்டிவிட்டேன். மெயின் ரோடு ஏறுகிறபோது இடது பக்கம் பார்த்து, "எடது க்ளியர். போலாம் ரைட்" என்றார்.

அப்புறம் மிச்சப் பயணம் சுலபம். கீழ்புத்துப்பட்டு, காலாப்பட்டு தாண்டி பொம்மையார்பாளையம் பக்கத்தில் மறுபடி ஒரு இடத்தில் இறங்கிக் கடல் பார்த்தோம், இந்தத் தடவை ரோட்டிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போய். அங்கேயும் கல்லும் அலையும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தூங்குமூஞ்சிக் கடலுன்னு சொன்னனே, வாபஸ்" என்றார். பேச்சுப்படி கோட்டக்குப்பத்தைத் தொட்டுவிட்டு வந்த வழியே திரும்பி, பெரிய முதலியார்சாவடியில் இடது பக்கம் பிரிந்து குயிலாப்பாளையம். அங்கே ஒரு ரொட்டிக் கடையில் இரண்டு காபி, இரண்டு பன் மாதிரி ஒன்று, முந்நூற்று எண்பது ரூபாய். "இது பன்னா, பன்னுக்குப் பட்டா போட்டுத் தர்றாங்களா?" என்று கேட்டார். ருசியாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். சிக்கனமாகப் போகிறவர்கள் மரக்காணத்திலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளுங்கள். இரும்பையில் சிவன் கோவில் பக்கம் மர நிழலில் ஒரு மணி நேரம் ஓய்வு. பிறகு திருச்சிற்றம்பலம் கூட்டுரோடு பிடித்து, நான்கு மணிக்குத் திண்டிவனம். மொத்தம் நூற்றுப் பதினெட்டு கிலோமீட்டர். பெட்ரோல் ஏழரை லிட்டர்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. கடலோர உள்ரோட்டில் மேப்பையும் நம்பாதீர்கள், பத்து வருஷத்துக்கு முன்னால் போனவர் ஞாபகத்தையும் நம்பாதீர்கள். திருப்பத்தில் நிற்கிற உள்ளூர் ஆளைக் கேளுங்கள், அதுவும் "ரோடு இருக்கா" என்று கேட்காமல் "கார் அந்தப் பக்கம் வெளியே வருமா" என்று கேளுங்கள். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் கடல் பார்க்க நன்றாக இருக்கும், ரோடு இருக்காது. அமாவாசை, பௌர்ணமி ஒட்டித் தண்ணீர் ஏறும், அந்த நாட்களில் உள்ரோட்டைத் தொட வேண்டாம். கல் கொட்டிய கரையில் கால் நனைக்கவே இறங்காதீர்கள், அலை திரும்புகிறபோது இழுத்துக் கல்லில் அடிக்கும். இரண்டு சாக்காவது எடுத்துப் போங்கள். சணல் சாக்காக இருக்கட்டும், பிளாஸ்டிக் சாக்கு டயருக்குக் கீழே வழுக்கும். என் கடையில்தான் வாங்க வேண்டும் என்று இல்லை. முக்கியமாக, ரிவர்ஸ் கற்றுக்கொண்டு கிளம்புங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தினமும் காலையில் கிடங்கு வாசலில் அரை மணி நேரம் பழகுகிறேன். தட்டுவதற்கு ஆள் இருக்கிறது.

பெரிய பயணத்துக்கு ஈஸ்டர் முடிந்த வாரம் குறித்திருக்கிறோம். வெயில் அதிகம்தான், ஆனால் வியாபாரம் அப்போதுதான் என்னைப் பத்து நாள் விடும். முதல் நாள் வேளாங்கண்ணி, ஏறக்குறைய நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். இரண்டாம் நாள் இராமநாதபுரம், இருநூற்று இருபது. மூன்றாம் நாள் தூத்துக்குடி வழியாக மணப்பாடு, இருநூறுக்குள். நான்காம் நாள் கன்னியாகுமரி தொட்டு முட்டம், நூற்றுப் பத்து. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதில்லை, இருட்டினால் நிறுத்திவிடுவது. இந்த இரண்டு சட்டமும் அவர் போட்டது.

நேற்றுக் காலை நான் எழுந்து வரும்போது அவர் வாசலில் ஒரு கட்டையை வைத்து நான்கு டயரையும் தட்டிக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்சீட்டில் தலையணை, போர்வை எல்லாம் வைத்து அவர் படுத்து வர வசதி செய்யலாமா என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்கு?" என்றார் தட்டுவதை நிறுத்தாமல். "க்ளீனர் தூங்குனா வண்டி எப்பிடிப் போய்ச் சேரும்? பின்னால சாக்கப் போடு."